தனி டப்பா

"இது என்ன அநியாயம்?"

தம்பி வீட்டுக்கு வந்து கை கழுவப் போன அக்கா, குளியலறையிலிருந்து டப்பாவும் கையுமாக வந்து நின்றாள். மூடி போட்ட டப்பா. உள்ளே ஒரு ரேசர், பல் பிரஷ், நகவெட்டி.

"எல்லாச் சாமானுக்கும் அலமாரி, என் தம்பியுதுக்கு மட்டும் டப்பாவா? கட்டின புருஷனையே ஒதுக்கி வைக்கிறியேம்மா, இது உனக்கே நல்லா இருக்கா?"

தம்பி லிஃப்ட் மெக்கானிக். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து எத்தனையோ வருடமாகிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். போன மாதப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி-யும் இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா பதறியடித்து வந்திருந்தாள்.

தம்பி மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"ஒதுக்கி வைக்கல அண்ணி. இது ரத்தத்துல பரவுற வைரஸ். ரேசர், பிரஷ் இதுலல்லாம் கண்ணுக்குத் தெரியாம ரத்தம் ஒட்டியிருக்கலாமாம். அதை மட்டும் தனியா வச்சா போதும்னு டாக்டர் சொன்னார்."

"டாக்டர் ஆயிரம் சொல்வார்! மனசு வேணும்மா, மனசு!"

தம்பி டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "டப்பாவை வாங்கினதே நான்தான் அக்கா. எங்க ரெண்டு பேர் பிரஷும் ஒரே கலர். தூக்கக் கலக்கத்துல இவ என்னுதை எடுத்துடப் போறாளேன்னு பயம்."

"பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்காதே. ஒண்ணு பத்தாதுன்னு இப்ப ரெண்டு. எப்படிப்பா தாங்குவே?"

"பழசு பெட்டிப் பாம்பா அடங்கிக் கிடக்கு. டெஸ்ட்ல தேடினாலும் அகப்படறதில்ல. புதுசுக்கு மூணு மாச மாத்திரை. ஒழுங்காப் போட்டா அனேகமா அடியோட போயிடும்னு சொல்றாங்க. ரெண்டு மருந்தும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டக் கூடாதுன்னு பழசுல ஒண்ணை மாத்தியும் கொடுத்துட்டாங்க. அப்புறம் என்ன?"

அவன் கையிலிருந்த டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள் மனைவி. "சர்க்கரை தூக்கல்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுதான் அண்ணி இவரைக் கட்டிக்கிட்டேன். டாக்டர்கிட்ட நானே உட்கார்ந்து கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்ல. இதையும் தாண்டிடுவோம்."

அக்கா மசியவில்லை.

"வாய் நல்லாத்தான் பேசுது. டேய், அம்மா போனப்புறம் உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். துணியை எடுத்து வை. வைத்தியம் முடியற வரைக்கும் எங்கூட இரு. எங்க வீட்ல இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது!"

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"ஆசையாக் கூப்பிடறாங்க. ஆஸ்பத்திரியும் அங்கேயிருந்து பக்கம்தான். ஒரு வாரம் இருந்துட்டு வாங்க. மாத்திரையை மட்டும் மறந்துடாதீங்க."

"உன் கைச் சாப்பாடு சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு அக்கா! இதோ கிளம்பிட்டேன்."

அவன் துள்ளிக்கொண்டு உள்ளே போனான். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு தம்பி மனைவியின் தோளில் கை போட்டு, அவளைச் சமையலறைக்குள் நகர்த்திக்கொண்டு போனாள். அத்தனை நேரம் தெருவுக்கே கேட்ட குரல் அடங்கி, காதோடு ஒட்டியது.

"அவன் தட்டு, டம்ளர், போர்வை, தலகாணி எல்லாத்தையும் மறக்காம ஒரு பையில போட்டுக் கொடுத்துடும்மா. நான் சொன்னேன்னு சொல்லாதே. மனசு கஷ்டப்படுவான்."