கண்ணாடிக் காப்பு

மர்ஸூக் ஹாஜியார் காப்பைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருந்தது.

"குளிர் காணாது," என்றார். "அசல் ஜேட் எண்டா ஐஸ் மாதிரி இரிக்கோணும்."

எதிரே நஃபீஸா நின்றுகொண்டிருந்தாள். ஆலங்குடாவிலிருந்து உச்சி வெயிலில் சேலைத் தலைப்பில் முடிந்து வந்த காப்பு. ஐஸாகவா இருக்கும்?

அனல்மின் நிலையம் கட்ட வந்த சீனர்களுக்கு அவள் இரண்டு வருடம் உடுப்புத் தோய்த்தாள். ஊருக்குப் போகிற நாளில் அவர்களில் ஒரு பெண் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த பச்சைக்கல் காப்பு அது.

அசலா போலியா என்று நஃபீஸாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், காடு வெட்டுகிற டோசர் வெள்ளிக்கிழமை மன்னாரில் அவளுடைய சொந்த ஊருக்கு வருகிறது என்பதுதான். தொண்ணூறில் புலிகள் வெளியேற்றியபோது விட்டு ஓடிவந்த வாப்பாவின் வீட்டு வளவில் இப்போது உடைமரம் குடியிருக்கிறது. டோசர்காரன் கேட்ட தொகை கையில் இருந்தால் வளவு வெளிக்கும். இல்லாவிட்டால் டோசர் அடுத்த வளவுக்குப் போய்விடும்.

விஷயத்தைச் சொல்லி, அந்தத் தொகையைத்தான் அவள் காப்புக்குக் கேட்டிருந்தாள்.

கல் பார்க்கக் கற்பிட்டியில் ஹாஜியாரை விட்டால் ஆள் இல்லை. பேருவளையில் ஒரு மாணிக்கக் கடையில் எட்டு மாதம் இருந்தவர். அங்கே தேத்தண்ணி ஊற்றினார் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டுமே. கல்லுக்குப் பக்கத்தில் நின்றுதானே ஊற்றினார்.

போன் லைட்டை அடித்துப் பார்த்தார். உள்ளே குமிழி இருந்தால் கண்ணாடியாம். குமிழி இல்லை.

"இப்ப வாற கண்ணாடியில குமிழி வாறல்ல," என்றார்.

ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டினார். காப்பு கிணுங்கென்று பாடியது. அசல் கல்தான் பாடுமாம்.

"நல்ல போத்திலும் பாடும்," என்றார்.

அடுத்தது முடிப் பரீட்சை. கல்லில் ஒரு முடியைச் சுற்றி நெருப்புக் காட்ட வேண்டும். அசல் கல் என்றால் முடி எரியாதாம். நஃபீஸா முக்காட்டை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டாள். வேறு வழியில்லாமல் ஹாஜியார் தன் தாடியிலேயே ஒன்றைப் பிடுங்கினார். ஏற்கனவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற தாடி.

முடி எரியவில்லை.

"அத்தர் பூசின தாடி, அதான்," என்றார், கலங்கிய கண்ணோடு.

நஃபீஸாவுக்கு அப்போதுதான் விளங்கியது. போத்தில் துண்டுக்கு யாரும் தாடியைப் பிடுங்கமாட்டார்கள்.

"அகதிப் பொம்புள எண்டு பாவம் பாத்துச் சொல்றன். இது வெறும் போத்தில். ஸதக்காவா நினைச்சி இருநூறு தாறன்."

இருபது வருடமாக ஒரே சந்தையில்தான் மீன் வாங்குகிறார்கள். ஹாஜியாரின் வாயில் அவள் இன்னும் அகதிதான்.

அவள் காப்புக்குக் கையை நீட்டினாள். ஹாஜியார் கொடுக்கவில்லை. உடம்புச் சூட்டில் அசல் கல் நிறம் மாறுமாம்; அந்தப் பரீட்சை பாக்கி இருக்கிறதாம். அவருடைய கைக்குக் காப்பு ஏறவில்லை. "இஞ்ச வா," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த றம்லா வந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக அவளுடைய கை மொட்டைக் கை. அந்தக் கைக்கென்று வந்த எந்தக் காப்பும் ஹாஜியாரின் பரீட்சையில் தேறியதில்லை.

சவர்க்காரம் போட்டு ஏற்றினார்கள். ஏறியது. நிறம் மாறவில்லை.

கழற்றினார்கள். வரவில்லை.

ஹாஜியார் இழுத்தார். றம்லா ஐந்து விரலையும் விறைப்பாக விரித்துக்கொண்டு "அல்லாஹ்வே, கை முறியுது!" என்று அலறினாள். தேங்காயெண்ணெய் ஊற்றி இழுத்தார். வழுக்கியது ஹாஜியார்தான். போய்க் கதிரையில் விழுந்தார்.

"நீ போய் அடுத்த கிழமை வா," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "வீக்கம் வத்தட்டும்."

நஃபீஸா அசையவில்லை.

"அடுத்த கிழமை என்னத்துக்கு ஹாஜியார்? போத்தில்தானே, உடைச்சி எடுங்க. உங்கட இருநூறும் எனக்கு வேணாம்."

றம்லா குசினிக்குள் போய் அம்மியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், தட்டுங்க. ஒரு போத்திலுக்காக என்ட கைய நோகப் போடுறதா?"

ஹாஜியார் குழவியைத் தூக்கினார்.

நெஞ்சு மட்டுக்கு வந்தது. அங்கேயே நின்றது. எட்டு மாதத்துப் பேருவளைப் படிப்பெல்லாம் அந்தக் குழவியில் தொங்கியது.

பிறகு அதை மெல்ல, முட்டையை வைப்பதுபோல, கீழே வைத்தார்.

அலுமாரி திறந்தது. நஃபீஸா கேட்ட தொகை அப்படியே அவள் கைக்கு வந்தது.

"பாவம் பாத்துத்தான் தாறன்," என்றார் சுவரைப் பார்த்து.

அஸர் பாங்கு கேட்டதும் ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். நஃபீஸா பின்வாசலில் விட்ட செருப்பை எடுக்கப் போனாள்.

குழாயடியில் றம்லா தொழுகைக்கு வுழூச் செய்துகொண்டிருந்தாள். முழங்கை வரை வெறுங்கை. காப்பு சவர்க்காரப் பெட்டியின் மேல் கிடந்தது.

கழுவி முடித்தவள் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்தாள். காப்பு, சவர்க்காரம் கூட இல்லாமல், சும்மா ஏறியது.

"உடைமரத்து முள்ளு பொல்லாதது. வெறுங்காலோட வளவுக்குள்ள இறங்கிராதீங்க," என்றாள், நஃபீஸாவைப் பார்க்காமலே.

முன்வாசலில் செருப்புச் சத்தம். தொப்பியை மறந்துவிட்டு ஹாஜியார் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

றம்லா ஐந்து விரலையும் விறைப்பாக விரித்துக்கொண்டாள்.