வேலி தாண்டிய வயர்

இதை நான் நேரில் காணவில்லை. தீவுப் பகுதியில், ஒரு கடற்கரை ஊரின் சங்க மண்டபத்தில் பின்னேர வகுப்பு நடத்தும் அன்ரனிட்டா சொல்லக் கேட்டது. ஊர்ப் பேரைப் போடவேண்டாம் என்றும் அவள்தான் சொன்னாள்.

புறொஜெக்ரர் பூட்ட வருமுன்னர் சிவகரன் போனில் சொன்ன எல்லாவற்றையும் அவள் ஒரு கிழமைக்குள் முடித்திருந்தாள். முன்சுவருக்கு மினுக்கமில்லாத வெள்ளை அடித்தாயிற்று. உப்புக்காற்று நுழையாமல் இடுக்குகளை அடைத்தாயிற்று. யன்னல்களுக்கு இரட்டைக் கறுப்புத்துணி. பட்டப்பகலிலும் லைற் இல்லாமல் உள்ளே நடக்க ஏலாது.

"நல்லாச் செய்திருக்கிறீர் ரீச்சர்," என்றார் சிவகரன்.

பிறகு பிளக்கில் மீற்றரைக் குத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"நூற்றி அறுபது வோல்ட்தான் காட்டுது. இருநூற்றி முப்பது வேணும். இதில கொழுவினா ஒரு மாசமும் தாங்காது. கரண்ட் சரிவராமல் நான் பூட்டமாட்டன்."

"பிறகு எப்ப வருவீங்கள்?"

"நான் வாறது பிரச்சினை இல்லை. இங்க சரிவராட்டி வேற ஊருக்குக் குடுக்கச் சொல்லித்தான் புறொஜெக்ரரைத் தந்த ஆக்கள் சொன்னவை."

பதினொரு பிள்ளைகள். பௌதிகம் படிப்பிக்க இந்தத் தீவுக்கு ஒருவரும் வருவதில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் திரையில் படிப்பிக்கச் சம்மதித்திருந்தார். சோதனைக்கு நாலு மாசம் இருந்தது.

கரண்ட் எங்கே குறைகிறது என்று இருவரும் மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். பின்சுவரில், பூவரசம் இலைகளுக்குள் ஒரு மெல்லிய வயர். ஒரு முனை கூரைக்குக் கீழால் மண்டபத்துக்குள். மற்ற முனை வேலி தாண்டி அந்தோனியம்மா வீட்டுக்குள்.

அந்தோனியம்மா மீன் வாங்கி விற்பவர். அவருடைய குசினியில் பெரிய குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது.

"விளங்குதோ ரீச்சர்?"

"ஓம்," என்றாள். மழை நாட்களில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருகிற மனிசி அவர்.

சொல்லாமல் விட்டால் புறொஜெக்ரர் போய்விடும். சங்கத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளைக்குப் போன் எடுத்தாள்.

அவர் வயர் வெட்டுகிற குறட்டோடு வந்தார். பின்னால் ஒழுங்கைச் சனத்தில் பாதிப்பேர் வந்தார்கள்.

"அந்தோனியம்மா, வெளியில வாரும். சங்கத்தின்ர கரண்டில எத்தினை நாளா உம்மட மீன் விறைக்குது?"

"அதுதானே பாத்தன், அவவின்ர மீன் மட்டும் பழுதாகிறேல்லை," என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள்.

அந்தோனியம்மா கையில் ஒட்டிய செதிலைத் துடைத்தபடி வந்தார். வயரைப் பார்த்தார். குறட்டைப் பார்த்தார்.

"அதில தொடாதேங்கோ. பிள்ளையள் உள்ளுக்க இருக்குதுகள்."

"பிள்ளையளைச் சாட்டாதையும்."

"அண்ணை, உங்களோட தனியக் கதைக்கவேணும். ரெண்டு நிமிசம்."

"களவெடுக்கிற ஆக்களோட எனக்கென்ன தனிக் கதை? எல்லாரும் கேக்கச் சொல்லும்."

அந்தோனியம்மா கூடி நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப வெட்டுங்கோ," என்று சொல்லிவிட்டு வாசற்படியில் இருந்துவிட்டார்.

தலைவர் குறட்டை நீட்ட, சிவகரன் அவரைத் தள்ளி நிறுத்தினார். தானே கையுறை போட்டு, ஒவ்வொரு கம்பியாக வெட்டினார்.

மண்டபத்துக்குள் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"ரீச்சர், லைற் நிண்டிட்டுது. ஒண்டும் தெரியேல்லை."

அன்ரனிட்டா ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்று மணி வெயிலில் மண்டபம் கும்மிருட்டாய்க் கிடந்தது. மின்விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றது. வேலிக்கு அந்தப்பக்கம் குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

சிவகரன் மண்டபத்தின் மீற்றர் பெட்டியைத் திறந்தார். பியூஸ் கட்டை இல்லை. அது இருந்த இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"இதில கரண்ட் வந்து கனகாலம்," என்றார். "மண்டபத்தில இருந்து அங்க போகேல்லை. அங்க இருந்துதான் இங்க வந்தது. மெல்லிசு வயர், அதுதான் கரண்ட் குறைஞ்சு வந்தது."

சிரித்தவர்கள் மெல்ல ஒழுங்கைப் பக்கம் நகர்ந்தார்கள்.

அன்ரனிட்டா படிக்கு அருகில் போய் நின்றாள்.

"நான்தான் அன்ரி தலைவருக்குச் சொன்னனான்."

"தெரியும் பிள்ளை. நீர் கண்டதைச் சொன்னனீர்."

"ஏன் அன்ரி நீங்கள் சொல்லேல்லை?"

"தனியக் கதைக்கவேணும் எண்டு கேட்டனான்தானே," என்றார் அந்தோனியம்மா. தலைவரின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

பஸ்ரியாம்பிள்ளை கையிலிருந்த குறட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கரண்ட் வெட்டினதை எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே," என்றார்.

சிவகரன் புறொஜெக்ரரைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. "கரண்டை எடுங்கோ, வந்து பூட்டுறன்," என்று பெட்டியோடு மண்டபத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

போன கிழமை நான் அந்த மண்டபத்துக்குப் போனேன். புறொஜெக்ரர் பூட்டியாயிற்று. அலுமாரியிலிருந்த சங்கத்துக் கோப்பை அன்ரனிட்டா எடுத்துத் தந்தாள். நிலுவையைக் கட்டாவிட்டால் இணைப்பு வெட்டப்படும் என்ற கடைசி அறிவித்தல் அதில் இருக்கிறது. மூன்று வருசத்துக்கு முந்தின திகதி. கீழே 'கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்து வைத்திருப்பவர் பஸ்ரியாம்பிள்ளை.