மூடத் தெரிந்தவள்

“அடுத்தது அடி அண்ணாமலை. இடது பக்கம் தண்ணீர் கிடைக்கும்!”

மேஜை மேல் சும்மா கிடந்த செல்போன் தானாகப் பேசவும் மண்டபமே சிரித்தது.

“செயலிய இப்பதானே மூடினேன்?” என்றார் நடுவர்.

மேடையில் நின்ற பாலாஜியின் முகம் சுண்டிப்போனது. “மத்தத போனே பாத்துக்கும்னு நெனச்சேன் சார்...”

“எங்க பாத்துக்குது? பாதி மலை சுத்தறதுக்குள்ள பேட்டரி செத்துடும் தம்பி.”

2008ஆம் வருடம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கிரிவலம் வருகிறவர்களுக்கு வழி சொல்லும் செல்போன் செயலிக்கான போட்டி. ஜெயிப்பது எதுவோ, அது அந்த வருடத் தீபத்துக்கு வரும் ஜனங்களின் போனுக்குப் போகும். கடைசிச் சுற்றில் மிஞ்சியவர்கள் பாலாஜியும் கவிநிலாவும்தான்.

“திரை போயிடுச்சே, அப்புறம் எப்படிப் பேசுது?” என்று பார்வையாளர் வரிசையில் இருந்த எல்லம்மாள் கேட்டாள்.

“திரைதாங்க போச்சு. உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்குது,” என்றாள் பக்கத்து நாற்காலி ராணியம்மாள். “மூடத் தெரியாதவன் எதுக்குத் தொறக்கணும்? இப்ப எங்க கவிநிலா காட்டுவா பாருங்க.”

நடுவர் கவிநிலாவின் செயலியை மூடிவிட்டுக் காத்திருந்தார். போன் மூச்சுவிடவில்லை.

“எப்படிம்மா?”

“வழி தேடறது, குரல் கொடுக்கறது, எல்லாத்தையும் முதல்ல நிறுத்தறேன் சார். அப்புறமாத்தான், ‘நான் முடிச்சுட்டேன், என்னை எடுத்துடு’னு போன்கிட்ட சொல்ற வரி. எழுதின புரோகிராம்ல அதுதான் கடைசி.”

முதல் பரிசு கவிநிலாவுக்கு! ராணியம்மாள் எழுந்து நின்று கைதட்டினாள். முந்தானை நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“கெட்டிக்காரப் பொண்ணுங்க!” என்றாள் எல்லம்மாள்.

ராணியம்மாளுக்கு வாயெல்லாம் பல். “கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு வேணாம்னுதான் இருந்தா. கொழந்தைய நான் பாத்துக்கறேன், நீ போய் எழுதுடீனு நான்தான் தள்ளிவிட்டேன்.”

எல்லம்மாள் மேடை ஓரத்தில் தலைகுனிந்து நின்ற பாலாஜியைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். “அந்தப் புள்ளதான் பாவம். அவனப் பெத்தவ மனசு இந்நேரம் என்ன பாடுபடுதோ!”

“ஒரு பாடும் படலைங்க,” என்று சிரித்தாள் ராணியம்மாள். “அவன் நான் பெத்த புள்ளதான். கவிநிலா என் மருமக!”