செய்திப்படம் பார்க்க வந்தவள்

1949ஆம் வருஷம். ராயபுரம் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால், பாலஸ்தீனத்தில் யூதரும் அரேபியரும் மோதிக்கொண்டதைப் பற்றிய செய்திப்படம் ஒன்று ஓடியது. வீடிழந்த அகதிகள் சாரிசாரியாக நடந்து போவார்கள். அது முடிந்ததும் வியாசர்பாடி பச்சையம்மா எழுந்து போய்விடுவாள். ஐந்து நாளாக இப்படித்தான்.

டிக்கெட் கிழிக்கும் வேலப்பனுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னாம்மா, அந்தக் கூட்டத்துல உன் சொந்தம் யார்னா கீறாங்களா?"

"யாருமில்ல நைனா. கொழந்தையத் தூக்கிகினு ஒருத்தி போறா பாரு, அவ அந்தக் கொழந்தையக் கீழ எறக்கி வெக்கிறாளான்னுதான் பாக்கறேன்."

"வெக்கலியே?"

"வெக்கல." பச்சையம்மாவின் முகத்தில் அழுகைகூட இல்லை. "சண்டைக்கு பயந்து பர்மாவுலேர்ந்து நடந்து வர்றப்போ, நான் வெச்சுட்டு வந்துட்டேன்."