சீர்ப்பெட்டி வாங்கலையோ

காவலாளி மேங் இரண்டாவது தடவையாக வந்து மணியடித்தார்.

"சார், மறுபடியும் சொல்றேன். சத்தம் கூடாது. போன மாசம் எதிர் பிளாக்குக்குச் சீர்ப்பெட்டி வந்தப்ப போலீஸே வந்துடுச்சு."

"வராதுங்க. நான் பொறுப்பு" என்றார் சாங்மோ.

அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. பின்னால் நின்ற மகள் ஹேரினின் முகம் சுருங்கியதை அவர் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுச் சீர்ப்பெட்டி அன்று மாலை வரவேண்டும். வழக்கப்படி அதை மேலே இறக்கி வைப்பதற்காக, சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசிக் கேக் கூடத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

சாங்மோவின் கல்யாணத்தின்போது, சொந்த ஊரான தேகுவில் பெட்டி வந்தால் தெருவே கூடிவிடும். மாப்பிள்ளையின் தோழர்கள் காய்ந்த கணவாய் மீனில் கண்ணுக்கு ஓட்டை போட்டு முகத்தில் கட்டிக்கொண்டு, பெட்டி விற்க வந்தவர்கள் போலக் கூவுவார்கள். பெண்வீட்டார் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே அழைத்துவர வேண்டும்.

இப்போது இருபது மாடிக் குடியிருப்பு. பெட்டி கூரியர் பார்சல் மாதிரி லிஃப்டில் ஏறி வந்துவிடுகிறது.

"என்ன மச்சான், இது கல்யாண வீடா, லைப்ரரியா?" என்று மச்சினன் சீண்டினான்.

சாங்மோ சிரித்து மழுப்பினார். உள்ளுக்குள் சுருக்கென்றது. ஒரே மகள்.

இருட்டத் தொடங்கியபோது கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"சீர்ப்பெட்டி வாங்கலையோ... பெட்டீ...!"

ஏற்ற இறக்கமே இல்லாத, கரகரத்த, மிகப் பெரிய குரல். கட்டடங்களுக்கு நடுவே மோதித் திரும்பி வந்தது.

எங்கோ ஒரு நாய் குரைத்தது. ஒரு ஜன்னல் திறந்தது. எதிர் பிளாக்கில் ஏழெட்டு திறந்தன. யாரோ விசிலடித்தார்கள்.

சாங்மோ கால் மாற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடினார்.

மேங் அவருக்கு முன்பே அங்கே நின்றார். "பொறுப்புன்னீங்களே சார்!"

"ஆமா, நான்தான் பொறுப்பு! என் பொண்ணுக்குப் பெட்டி வந்திருக்கு. போலீஸ் வரட்டும், அவங்களும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்!"

பெட்டியைச் சுமந்து வந்தவன் வான்கியூ, மாப்பிள்ளையின் பள்ளித் தோழன். கணவாய் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாங்மோவைப் பார்த்து விரல்களால் அவசரமாக எதையோ கேட்டான்.

மாப்பிள்ளையும் தோழர்களும் படித்தது காது கேளாதோர் பள்ளியில். வான்கியூ வெளியிடத்தில் குரலெடுத்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஹேரின் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவன் விரல்களைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"எல்லாருக்கும் கேட்டுச்சான்னு கேக்குறாருப்பா."

சாங்மோ வான்கியூவின் தோளைப் பிடித்து, மேலே பார் என்று கை காட்டினார்.

இருபது மாடியிலும் விளக்குகள் எரிந்தன. ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் எட்டிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.