ஆறாத புண்

“மெதுவா, சிஸ்டர்! உயிர் போகுது!”

கோனியோ போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சிஸ்டர் ஹெனாவோ அவள் கணுக்காலிலிருந்த பழைய கட்டை அவிழ்த்துச் சுருட்டி, திரும்ப உதவும் என்று இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். புதுத் துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

“போதும்டி, ரொம்பக் கத்தாதே.” விடிந்ததிலிருந்து அவள் உட்காரவேயில்லை. குரல்கூட எழும்பவில்லை.

போர்ட் மோர்ஸ்பி நகருக்கு வெளியே இருந்த அந்த இல்லத்தில், போக்கிடமில்லாத குழந்தைகள் நோய் தீரும்வரைதான் தங்கலாம். தீர்ந்த பிறகு சொந்தக்காரர் வந்து கேட்டால் அனுப்பிவிட வேண்டும். அனாதை இல்லம் ஒன்று விடாமல் ஹெனாவோ கேட்டுப் பார்த்துவிட்டாள். எங்கும் இடமில்லை.

கோனியோவைக் கேட்டு அன்று மாமன்காரன் வந்திருந்தான். அம்மா செத்ததும் அவளைச் சந்தையில் பாக்கு விற்க உட்காரவைத்தவன். விற்காத நாளில் சோறு போடாமல், அங்கேயே சாக்கை விரித்துத் தூங்கச் சொன்னவன். பாக்குச் சாறு வழியும் வாயோடு வராந்தாவில் நின்று கத்தினான்.

“ஒரு புண்ணுக்கு எத்தனை மாசம் மருந்து போடுவீங்க? அங்க என் வியாபாரம் படுத்துப் போச்சு. இன்னிக்குக் கூட்டிட்டுத்தான் போவேன்!”

“டாக்டர் வரட்டும். அவர் சரின்னா கூட்டிட்டுப் போங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, டாக்டர் வராமலிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. டாக்டர் மோரியா சட்டம் பேசுகிறவர். போன தடவை வந்தபோது, குணமாகிவிட்டது என்று ஒரு பையனை அனுப்பிவைத்தார். அவன் இப்போது பேருந்து நிறுத்தத்தில் படுத்துக்கிடப்பதாகக் கேள்வி.

மழையோடு டாக்டரின் வண்டி வந்து நின்றது. காய்ச்சலில் துவண்ட குழந்தையொன்றைத் தோளில் போட்டபடி இறங்கி வந்தார்.

“கட்டில் காலியா இருக்கா, சிஸ்டர்?”

“இல்ல டாக்டர்.”

“என்னைக்குத்தான் இருந்துச்சு!” குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கோனியோவிடம் திரும்பினார். “இறங்கு. நட, பார்ப்போம்.”

கோனியோ நொண்டி நொண்டி ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். டாக்டர் அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார். வராந்தாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இதை எத்தனை நாளா இப்படி வெச்சிருக்கீங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஹெனாவோ மழையைப் பார்த்தாள். “என்னால முடிஞ்சது இவ்வளவுதான் டாக்டர்.”

அவர் முன்பைவிடக் கனமாகக் கட்டுப் போட்டுவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

“கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. ஆனா தினமும் கட்டு மாத்தணும். ஊசிக்கு டவுனுக்குத் தூக்கிட்டு வரணும். காலைத் தரையில ஊன விடக்கூடாது. செய்வீங்களா?”

“அப்போ சந்தையில யாரு உட்காருறது?”

“அது எனக்குத் தெரியாது.”

மாமன் உள்ளே எட்டிப் பார்த்தான். கோனியோ முனகினாள். அவன் படியோரம் சிவப்பாகத் துப்பினான்.

“எனக்கெதுக்கு இந்தத் தலைவலி? ஆறினதும் சொல்லியனுப்புங்க,” என்று மழையில் இறங்கி நடந்தான்.

டாக்டர் இரண்டு சின்னக் குழந்தைகளை ஒரே கட்டிலில் மாற்றிப் படுக்கவைத்து, காய்ச்சல் குழந்தைக்கு இடம் பண்ணினார். ஊசி போட்டார். பிறகு கை கழுவிக்கொண்டே, ஹெனாவோவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“சிஸ்டர், அடுத்த தடவையாவது கட்டுப் போட்ட கால்லயே நொண்டச் சொல்லுங்க.”