விசைகளில் பூத்த உப்பு

செத்துப்போன பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பதுதான் மரக்காணத்தில் நண்பர்கள் சிலர் நடத்திய போட்டியின் சவால். சூர்யகலா கொண்டுவந்தது கடல்நீரில் ஊறிப்போன அவள் கணவன் சிங்காரத்தின் மெஷின். உப்பளத்து மோட்டார் மெக்கானிக்கான அவனைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. அவளுக்காக அவன் கடைசியாக எழுதிய புரோகிராம் ஒரு கேசட் டேப்பில் இருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிடும் தவிப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டிக்கு வந்திருந்த சகாதேவன் தன் மெஷினையே பிரித்துப் பாகங்கள் தந்தான். கழுவக் கழுவ உப்பு பூத்த போர்டு ஒருவழியாக வேலை செய்தது. திரை எரிந்தது. டேப்தான் சுழன்றதும் பொடிந்துபோனது.

"ஒண்ணும் பண்ண முடியாதா தம்பி?"

"ஆஃப் பண்ணா எல்லாத்தையும் மறந்துடுற மெஷின்க்கா இது. டேப்பு போச்சுன்னா போச்சு. மொதல்ல சாப்பிடுங்க."

தன் தயிர்சோற்றை அவள் முன் வைத்தான். அந்த அன்புக்காக அவள் ஒரு வாய் உண்டாள்.

யாரும் விசைகளைத் தொடாமலே திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. சிங்காரம் தினமும் சாப்பிடும்போது கேட்பதுதான்: 'உப்பு பத்தலையா?'

சகாதேவன் சோற்றை வாயில் போட்டுப் பார்த்தான். "ஐயோ, உப்பே போடலக்கா."

துடைத்து வைத்திருந்த விசைகளின் இடுக்கில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. சூர்யகலா ஒரு சிட்டிகை எடுத்துச் சோற்றில் போட்டுக்கொண்டாள்.